வில்லுக்குள் இரண்டு கைகள்

அக்காவோடு ஓட்டலுக்குப் போனால் பரோட்டா கிடைக்காது. சாயங்காலம் பசியோடு உள்ளே நுழைவோம். நான் நேராக மேசைக்குப் போவேன். அக்கா நேராகக் கல்லடுப்புப் பக்கம் போய் எட்டிப் பார்ப்பார். பரோட்டா மாஸ்டர் அப்போதுதான் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான், முடிந்தது கதை. திரும்பி வந்து சர்வரிடம், "ரெண்டு பேருக்கும் இட்லி" என்று சொல்லிவிடுவார்.

"அக்கா, எனக்குப் பரோட்டா வேணும்."

"மாஸ்டர் இப்பதான் உக்காந்தாரு தம்பி. மாவு யாரு அடிக்கிறது, நீ போய் அடிக்கிறியா?"

இப்படி அவரால் நான் இழந்த பரோட்டாக்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. அந்த மாஸ்டருக்கு அக்கா தெய்வம். எனக்கு வயிற்றெரிச்சல்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, என்னோடு வேலை பார்த்தவர். ஆரணியில் ஒரு மாடி அறையில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வீடியோ கேம்களுக்கு ஆயுதம் செய்துகொண்டிருந்தோம். வாள், ஈட்டி, கேடயம், எது கேட்டாலும் செய்வோம். நான் உருவம் செய்து வண்ணம் பூசுவேன். அது அசைவது, சுழல்வது, உடைவது எல்லாம் அக்காவின் வேலை. இப்போது அவர் குடும்பத்தோடு சேலத்துக்குப் போய்விட்டார். பெயரைப் போட்டு எழுதினால் போன் போட்டுத் திட்டுவார், அதனால் அக்கா என்றே இருக்கட்டும்.

தெள்ளாரில் பிறந்தவர். மெக்கானிக்கல் படித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்தார். கல்யாணமாகி ஆரணிக்கு வந்தார். வீட்டுக்காரர் பட்டு நெசவு. அக்கா வீட்டில் சும்மா இருக்க முடியாமல் கம்ப்யூட்டரில் அடிபம்பு ஓடுவது, பல்சக்கரம் சுற்றுவது என்று சின்னச் சின்ன வீடியோக்கள் செய்து இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அப்படி ஒரு அடிபம்பு வீடியோவின் கீழே 'ஆரணி' என்று இருந்ததைப் பார்த்துத்தான் நான் அவரைத் தேடிப் போனேன். குள்ளமாக, கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு, எந்நேரமும் எதையாவது இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். கதவின் கைப்பிடி, என் பையின் ஜிப், கடைக்காரரின் ஷட்டர், எதையும் விடமாட்டார். என் பையின் ஜிப் போனது அவரால்தான்.

எதைப் பார்த்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான். "அது சரி, யாரு இழுக்கறது?" மாடிக்குத் தண்ணீர்க் கேன் வந்தால், தண்ணீர் சுத்தமா என்று நாம் பார்ப்போம். அவர் கேன் போடுகிறவரின் முட்டியைப் பார்ப்பார். ஒருநாள் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு நாற்காலி வந்து உட்கார்ந்துகொண்டது. கேன்காரர் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்க. அந்த நாற்காலியில் நான் இடித்துக்கொள்ளாத நாள் இல்லை. சினிமாவில் கதாநாயகன் கண்ணாடிக் கடைக்குள் பத்து பேரைத் தூக்கி வீசினால் தியேட்டரே விசில் அடிக்கும். அக்கா என் மனைவியின் காதில், "இத்த யாரு பெருக்கறது?" என்பார். என் மனைவி சிரித்துச் சிரித்துப் பாப்கார்னைக் கொட்டுவாள். அதையும் அக்காதான் குனிந்து பொறுக்குவார்.

என் மனைவிக்கு அக்காவை ரொம்பப் பிடிக்கும். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளில், "நீ சாப்ட்டியா?" என்று அவளைப் பார்த்துக் கேட்கிற ஒரே ஆள் அவர்தானாம்.

இப்போது என் நிலைமையைச் சொல்ல வேண்டும். என் மனைவிக்குப் போளூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் வேலை. பெண் குழந்தை அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். நான் பெங்களூர்க் கம்பெனியை விட்டுவிட்டு, இங்கேயே பிழைத்துக்கொள்ளலாம் என்று துணிந்து அக்காவோடு சேர்ந்திருந்தேன். துணிச்சல் ஒரு வருடம் தாங்கியது. பிறகு வேலை வருவது குறைந்தது. பழைய கம்பெனி மறுபடி கூப்பிட்டது. போனால் வாரக் கடைசியில் மட்டும் வீடு. குழந்தை என்னை மாமா என்று கூப்பிட்டாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. அந்த நேரத்தில்தான் சென்னையில் ஒரு கேம் கம்பெனியிலிருந்து ஒரு வேலை வந்தது. ஒரு ராஜகுமாரியின் மெய்க்காவல்காரிக்கு ஒரு குறுக்குவில் செய்து தர வேண்டும். அது பிடித்திருந்தால் அந்த விளையாட்டின் எல்லா ஆயுதங்களையும் நாங்களே செய்யலாம், ஒரு வருடத்துக்கு மேல் வேலை இருக்கும். பிடிக்காவிட்டால் நான் பெங்களூர். வேறு வழி இல்லை.

குறுக்குவில் என்றால், துப்பாக்கிக் கட்டை மேல் வில்லைப் படுக்கவைத்தது. நாணைப் பின்னால் இழுத்து ஒரு கொக்கியில் மாட்டிவிட்டு, அம்பை வைத்து, விசையை அழுத்தினால் போதும். அவர்கள் கேட்டது மாயக் குறுக்குவில். ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிக்கு மாடி தாவிக்கொண்டே ஐந்து அம்பை வரிசையாக விட வேண்டும். நான் உயிரைக் கொடுத்து உருவம் செய்தேன். கட்டை முழுக்கச் சேலை முந்தானையில் வருகிற அன்னமும் கொடியும். வில்லின் இரண்டு முனையிலும் யாளி முகம். பார்க்கிறவர்கள் கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்று நினைத்தேன்.

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அழகா இருக்குது தம்பி. மேல பெட்டியில அஞ்சு அம்பு, சரி. ஒண்ணொண்ணா கீழ விழுது, சரி. ஒரு அம்பு போனதும் நாணு முன்னால போய் நின்னுக்குது. அத்த திரும்பப் பின்னால யாரு இழுக்கறது?"

"மாயம்க்கா."

"மாயம்னா?"

"மாயம்னா மாயம்தான். தானா போயிக்கும்."

"தானா எதுவும் போவாது தம்பி" என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. என் மேல் பரிதாபம்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் அறையில் வேறு பேச்சே இல்லை. வில்லின் முன்னால் ஒரு வளையம் வைத்து, அதில் காலை விட்டு மிதித்துக்கொண்டு இழுக்கலாம். ஆனால் இவள் கூரை மேல் ஓடுகிறவள், நின்று குனிந்து மிதிக்க நேரம் ஏது? கைப்பிடி வைத்துச் சுற்றலாம். சுற்றி முடிப்பதற்குள் எதிரி டீ குடித்துவிட்டு வந்துவிடுவான். அடிபம்பு மாதிரி ஒரு நெம்புகோல் வைக்கலாம். ஒவ்வொரு தடவையும் லேசாகத்தான் இழுக்க முடியும், அம்பு புறாவைக்கூடக் காயப்படுத்தாது. சாவி கொடுக்கிற பொம்மை மாதிரி உள்ளே ஒரு சுருள் வைத்துவிடலாம் என்றேன்.

"சாவி யாரு குடுக்கறது? நாள் பூரா சண்ட போட்டுட்டு வந்து, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு உக்காந்து குடுத்துகினு இருக்குமா?"

"அக்கா, பேஜார் பண்ணாதீங்க. விளையாடறவன் இதெல்லாம் பார்க்கவே மாட்டான்."

"நான் பாக்கறேன் இல்ல."

அடுத்த நாள் அவர் நிஜமாகவே ஒரு வில்லோடு வந்துவிட்டார். பிளைவுட் கட்டை, பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஒரு பட்டை. நாண் மட்டும் பட்டு. தறியில் மிஞ்சிய நூலை அவர் வீட்டுக்காரர் முறுக்கிக் கொடுத்திருந்தார். ஆரணிப் பட்டில் எத்தனையோ கல்யாணம் நடந்திருக்கும், நாண் கட்டியது நாங்களாகத்தான் இருப்போம். என்னை இழுக்கச் சொன்னார். முதல் தடவை வீரன் மாதிரி இழுத்தேன். விட்டதும், அம்புக்குப் பதிலாக வைத்திருந்த என் பென்சில் பறந்து போய் மேலே தெர்மோகோல் சீலிங்கில் குத்திக்கொண்டது. இரண்டு பேரும் குழந்தைகள் மாதிரி கத்தினோம். இரண்டாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். மூன்றாவது தடவை கொக்கி வரை வரவில்லை. விரலில் கோடு விழுந்து சிவந்திருந்தது.

"கை நடுங்குதா?"

"நடுங்குதுக்கா."

"உன் மாயத்துக்கும் இப்டித்தான் நடுங்கும். எது இழுத்தாலும் நடுங்கும்."

"உள்ளதான் யாருமே இல்லையே?"

அக்கா கொண்டையிலிருந்து பென்சிலை உருவி மேசையில் தட்டினார். பிறகு, "அப்ப ஒருத்தர உக்கார வெச்சிடலாம்" என்றார்.

அப்படிப் பிறந்ததுதான் எங்கள் பூதம். உள்ளங்கை அளவு பூதம். வில்லின் கட்டைக்குள் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருக்கும். விசைக்கு மேலே நான் ஒரு சிறிய ஜன்னல் வைத்தேன். அதன் வழியே பூதத்தின் இரண்டு கைகள் மட்டும் தெரியும். அம்பு போனதும் அந்தக் கைகள் நாணைப் பிடித்துப் பின்னால் இழுத்துக் கொக்கியில் மாட்டும். ஐந்து அம்பு ஆனதும் கைகள் தொங்கிவிடும். அப்போதும் விடாமல் விசையை அழுத்தினால் பூதம் பாதிதான் இழுக்கும், அம்பு காலடியிலேயே விழும். பொறுமையாக ஒரு பட்டனை அழுத்தினால், மெய்க்காவல்காரி ஜன்னல் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொடுப்பாள். பூதம் சீக்கிரம் தேறிக்கொள்ளும். கைகளை நான் வழவழப்பாக வரைந்திருந்தேன். அக்கா பார்த்துவிட்டு, உள்ளங்கையில் காய்ப்பு போடச் சொன்னார். போட்டேன். போட்ட பிறகுதான் அந்தப் பூதம் உயிரோடு இருக்கிற மாதிரி தெரிந்தது. சொல்லப்போனால் அந்தக் கைகள் மேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது.

ஒருநாள் டீ குடித்துக்கொண்டே அக்கா சொன்னார். "அந்த கேம்ல நிலா வளருது தேயுது இல்ல? அமாவாச அன்னிக்கு பூதத்துக்கு லீவு வெச்சிட்டேன்."

"சரிக்கா" என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. அமாவாசை என்றால் ஆரணியில் தறி ஓடாது. எங்கள் அறைக்குக் கீழே இருந்த விசைத்தறிகளும் அன்றைக்கு மூச்சு விடாது. நாங்களும் ஆபீஸைத் திறக்கமாட்டோம். நான் பிறந்தது தேசூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். எங்கள் ஊரிலும் அன்றைக்கு மாட்டை ஏரில் பூட்டமாட்டார்கள். எனவே இதைச் சென்னைக் கம்பெனியிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அக்காவுக்கும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது என்று யாராவது யாருக்காவது சொல்வார்களா?

காட்ட வேண்டிய நாள் வந்தது. சென்னைக்காரர், அந்தக் கம்பெனியின் பொறுப்பாளர், வீடியோ காலில் எங்கள் முன்னால் உட்கார்ந்து தானே விளையாடிப் பார்த்தார். ஜன்னலில் கைகளைக் கண்டதும், "ஐயோ, இது யாருங்க!" என்று நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். தடவிக்கொடுக்கிற பட்டனை வேலை இல்லாமலேயே அழுத்தினார். எனக்கு உள்ளுக்குள் மேளம் கொட்டியது. ரொம்பப் பிடித்துப்போனதால் முடிக்க மனமில்லாமல் விளையாடிக்கொண்டே போனார். விளையாட்டுக்குள் நாட்கள் ஓடின. நிலா தேய்ந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் நிலாவைப் பார்க்கவில்லை.

காட்டுக்குள் கொள்ளைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர் விசையை அழுத்தினார். அம்பு போகவில்லை. மறுபடி அழுத்தினார். ஜன்னலில் இரண்டு கைகளும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, அசையாமல் கிடந்தன. தடவிக்கொடுத்தார். அதற்கும் அசையவில்லை. மெய்க்காவல்காரியைக் கொள்ளைக்காரர்கள் ஒரே நொடியில் சாய்த்துவிட்டார்கள்.

"என்னங்க ஆச்சு, ஹேங் ஆயிடுச்சா?"

அக்கா சாதாரணமாகச் சொன்னார். "இல்லீங்க சார். இன்னிக்கு அமாவாச. அதுக்கு லீவு."

"லீவா? யாரு கேட்டாங்க லீவு?"

"அது கேக்கலீங்க. நாமதான் அதுக்குக் கை மட்டும் வெச்சோம், வாய் வெக்கலயே."

அவர் சிரிக்கவில்லை. "மேடம், காசு குடுத்து விளையாடறவன் அழுத்தினா அம்பு போகணும். களைப்பு ஓகே, அது ஜோர். லீவெல்லாம் வேணாம். எடுத்துடுங்க" என்றார். புனேயில் இன்னொரு குழுவும் வில் செய்துகொண்டிருக்கிறது, இரண்டையும் பார்த்துவிட்டு வார முடிவில் சொல்கிறேன் என்றும் சொன்னார். அக்கா வாயைத் திறப்பதற்குள் நான், "எடுத்துடறோம் சார், ராத்திரிக்குள்ள எடுத்துடறோம்" என்று முந்திக்கொண்டேன்.

கால் முடிந்ததும் அக்கா சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. "ஒரே வரிதான்" என்று சொல்லிவிட்டு, புரோகிராமிலிருந்து அந்த வரியை எடுத்தார். என் கண் முன்னாலேயே அனுப்பினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, "உன் பொண்ணு இங்கயே வளரட்டும் தம்பி. பூதம் பரவால்ல" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைப் பார்க்காத மாதிரி டம்ளரைக் கழுவப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை நிஜமான அமாவாசை. ஆபீஸ் இல்லை. மனைவி பள்ளிக்கூடம் போயிருந்தாள். பெங்களூர்க் கம்பெனிக்குத் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதால் நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, குழந்தைக்குப் பருப்புச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். சென்னைக்காரர் கூப்பிட்டார்.

"மேடம் போன் எடுக்கல. அவங்ககிட்டதான் பேசணும். கொஞ்சம் லைன்ல வரச் சொல்றீங்களா?"

நல்ல சேதியா கெட்ட சேதியா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. நானும் போட்டுப் பார்த்தேன், அக்காவின் போன் அணைந்திருந்தது. பக்கத்து வீட்டு அத்தையிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். தெருவெல்லாம் தறிச் சத்தம் இல்லாமல் கிடந்தது. நாய்கூட நடுரோட்டில் படுத்திருந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் வாசலில் லுங்கியோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பின்னால் தறி துணி போர்த்திக் கிடந்தது. "வாங்க தம்பி. இன்னா ஜல்தியா வந்துகினு இருக்கீங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். கதவைக் கொஞ்சம் தள்ளிக் காட்டினார். அக்கா கூடத்தில் ஃபேனுக்குக் கீழே வெறும் தரையில் தூங்கிக்கொண்டிருந்தார். தலைக்குக் குளித்த ஈரக் கூந்தல் விரிந்து கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. இத்தனை நாளில் அவர் எதையும் இழுக்காமல், எதையும் தட்டாமல் இருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மாசத்துக்கு ஒரு நாள்தான் பகல்ல இப்டித் தூங்கும்" என்றார் அவர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க பொழப்பு விஷயம். எழுப்பட்டுமா?" என்று எழுந்தார்.

என் வாய் 'எழுப்புங்கண்ணா' என்று சொல்லத்தான் திறந்தது. பெங்களூர் பஸ்ஸும், வாரக் கடைசியும், வாசலில் யாரோ என்று பார்க்கப்போகிற குழந்தையும் கண் முன்னால் வந்தன. ஆனால் அந்தத் தூக்கத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்ல முடியவில்லை.

"வேணாம்ணா. தூங்கட்டும்."

தெருவுக்கு வந்து, வேப்பமரத்தடியில் நின்று சென்னைக்காரருக்குப் போன் போட்டேன்.

"சார், அவங்க இன்னிக்கு வர மாட்டாங்க. அமாவாசை. லீவு."

போச்சு, பெங்களூர்தான் என்று முடிவு செய்துவிட்டேன். பிறகு அவர் மெதுவாகப் பேசினார்.

"நேத்து நீங்க மாத்தி அனுப்பினத எடுத்து, அமாவாசை ராத்திரிக்கே போய்ச் சோதிச்சுப் பாத்தேன். நல்லாத்தான் வேலை செய்யுது. அழுத்தினா அம்பு போகுது. ஆனா எனக்குத்தான் அதுக்கு லீவுன்னு தெரியுமே. அந்தக் கை வந்து நாணைப் பிடிச்சு இழுக்கறதப் பாத்ததும், ரெண்டாவது தடவை அழுத்த மனசு வரல. நிறுத்திட்டு எழுந்து போயிட்டேன். புனேக்காரங்க வில்லும் நல்லாத்தான் இருக்கு. அது இப்படி எதுவும் பண்ணல என்னை." ஒரு பெருமூச்சு கேட்டது. "ஒரு வருஷ வேலைக்கும் உங்களுக்கே அக்ரிமென்ட் பேப்பர் அனுப்பறேன். மேடம்கிட்ட அந்த வரிய மறுபடி போடச் சொல்லுங்க."

"இப்பவே எழுப்பிச் சொல்றேன் சார்!"

"ஐயோ, வேணாங்க" என்றார் அவர். "இன்னிக்கு வேணாம். நாளைக்குப் போடச் சொல்லுங்க."

மனைவிக்கு ஒரே வார்த்தையில் செய்தி அனுப்பினேன். பிறகு வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், அத்தையிடமிருந்து குழந்தையை வாங்கிப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில் நானும் படுத்துத் தூங்கினேன்.